அழையாமல் வந்தவர்கள்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் குமுளி, வண்டிப்பெரியார், கம்பம் என மூன்று ஊர்ப் பெண்கள் இருக்கிறோம். மாதக் கணக்கை ஜூமில் பார்ப்பது வழக்கம். இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். போன கூட்டத்தில் யாரோ இருவர் நுழைந்து ஆபாசப் படத்தை ஓட்டிவிட்டார்கள். பதறிப்போய் போனை அணைத்துவிட்டேன். இப்போது யாரும் வர மறுக்கிறார்கள். கூட்டத்தையே விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, குமுளி

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. அவர்கள் பூட்டை உடைத்து வரவில்லை. ஊர்க் குழுவில் போட்ட இணைப்பு எத்தனை கை மாறியதோ! இனி உறுப்பினர்களுக்கு மட்டும் தனித்தனியே அனுப்புங்கள். உங்களுக்கென்று நிரந்தரமாக இருக்கும் மீட்டிங் எண்ணைக் கொடுக்காமல், கூட்டத்துக்குக் கூட்டம் புது எண்ணும் கடவுச்சொல்லும் வையுங்கள். 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பற்றி வெளியிட்ட அறிவுரையிலும் இது இருந்தது.

அடுத்தது வெயிட்டிங் ரூம்: நீங்கள் அனுமதிக்கும்வரை வருகிறவரை வெளியே நிறுத்தும் வசதி. செக்போஸ்டைத் தினமும் பார்க்கும் குமுளிக்காரருக்கு இதை விளக்க வேண்டுமா? நீங்கள் கையசைத்தால்தான் வண்டி நகரும். ஆனால் வாசலில் நிற்பவரின் பெயர் ‘ரெட்மி’ என்றோ ‘கேலக்ஸி’ என்றோ வரும். அது யாரென்று எப்படித் தெரியும்? நுழையும்போது ஜூமில் தன் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எழுதாதவர் உங்கள் நாத்தனாராகவே இருந்தாலும் வெளியே நிற்கட்டும். (நாத்தனார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

எல்லோரும் வந்ததும் கூட்டத்தைப் பூட்டிவிடச் சொல்வார்கள். நகரத்துக்குச் சரி. உங்கள் மலையில் ஒரு மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். பூட்டியபின் அறுந்துபோனவர் திரும்பி நுழைய முடியாது. ஆகவே பூட்ட வேண்டாம். கணக்கை வேறொருவர் வாசிக்கட்டும், நீங்கள் வாசலைக் கவனியுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்து எல்லோரும் மறுபடி நுழைவார்கள் அல்லவா, அப்போதும் கண் வாசலில் இருக்கட்டும்.

திரையைப் பகிரும் உரிமையை ஹோஸ்டுக்கு, அதாவது கூட்டத்தை நடத்தும் உங்களுக்கு மட்டும் வைத்திருந்தால் அந்தப் படம் ஓடியிருக்காது. நீங்கள் பகிரும்போதும் போனில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபியை ஊரே படித்துவிடலாம்.

போனை அணைத்தது இயல்புதான். ஆனால் ஹோஸ்ட் போனதால் மட்டும் கூட்டம் முடிவதில்லை. மற்றவர்கள் அந்தப் படத்தோடு மாட்டிக்கொண்டிருப்பார்கள். ‘எண்ட் மீட்டிங் ஃபார் ஆல்’ என்பதை அழுத்தினால்தான் எல்லோரும் வெளியே வருவார்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

வீடு கேரளத்தில், பார்த்தவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டில், எந்தக் காவல் நிலையம் என்று அலைய வேண்டாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். ஆபாசப் படத்தை இப்படிப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. தேதி, நேரம், மீட்டிங் எண், வந்தவர்கள் வைத்திருந்த பெயர் ஆகியவற்றை மறப்பதற்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள் நாலைந்து பேரோடு பத்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். மிகவும் பயந்திருப்பவரை அதற்கு முதலில் கூப்பிடுங்கள்.