லேப்டாப்பை அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கலாமா?

கேள்வி: சார், உரக்கடை வச்சிருக்கேன், கடை லேப்டாப்ல விண்டோஸ் 10, ஆன் ஆகவே ரொம்ப நேரம் எடுக்குது, எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டா சரியாகுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமா போடுங்க சார், ஆனா அதுக்கு முன்னாடி பில்லு, விவசாயிங்க கடன் கணக்கு எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வேற கம்ப்யூட்டர்ல திறந்தும் பாத்துடுங்க, இதுல மட்டும் அவசரமே வேண்டாம், குறுவை நேரத்துல கணக்கு போச்சுன்னா யார்கிட்ட என்னன்னு கேப்பீங்க. விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுடுச்சு, அதனால 11 போடறதுதான் நல்லது, அதுக்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் 4 ஜிபி ராமும் இருக்கான்னு பாருங்க. விண்டோஸை ஏத்தி இன்ஸ்டால் பண்ண 8 ஜிபி பென்டிரைவ் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்னா முதல்ல எஸ்எஸ்டிங்கிற வேகமான டிஸ்க்கா மாத்திட்டு அதுல போடுங்க, வேகம் நல்லாவே தெரியும்.