“அது வெறும் கேஸ் மாத்திரைதானே அக்கா!”

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. இரண்டு வாரத்துக்கு முன்பு எங்கள் பில்டிங் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் விரிசல். ஆபரேஷன் தேவையில்லை, ஓய்வு போதும் என்று சொன்ன எலும்பு டாக்டர், டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை மூன்று வேளைக்கு எழுதிக் கொடுத்தார். வலி குறைந்துவிட்டது. ஆனால் அம்மா பகலெல்லாம் தூங்குகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறது. ஆறு நாளாக மலம் போகவில்லை. சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறார் அண்ணன். எட்டு வருடமாக அம்மா சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கேஸ் மாத்திரை போடுவார். அதுவும் வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லையா? பக்கத்து வீட்டு மராத்தி ஆஜி (பாட்டி) மலம் இளக இசப்கோல் உமி கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு மகள், செம்பூர்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் கூப்பிட்டு, “முதலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ” என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதுவது மற்ற வீடுகளுக்காக. மாட்டுங்காவில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் 28 வருடம் நின்றவள் நான். இந்தக் கதை எனக்குப் புதிதில்லை.

போனில் நான் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கேஸ் மாத்திரையின் பெயர் என்ன என்பது. உங்களுக்குத் தெரியவில்லை. “பச்சை அட்டை அக்கா, வெறும் கேஸ் மாத்திரைதானே” என்றீர்கள். அட்டையைத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தீர்கள்: குளோர்டையசெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டிருந்தீர்களே, இரண்டும் அளவுக்கு மீறி ஒத்துப்போனதுதான் இங்கே சிக்கல். டிரமடால் அபின் வழி வந்த வலி மருந்துகளின் கூட்டத்தைச் சேர்ந்தது; ஆலையில் செய்தாலும் வேலை அதே வேலை. அது பற்றிக்கொள்ளும் இடங்கள் மூளையில் மட்டுமல்ல, குடல் சுவரிலும் இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்தால் குடலின் அசைவு தளரும், உள்ளே சுரக்கும் நீர் குறையும். மலம் அசையாமல் கிடக்கக் கிடக்க, அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் குடல் உறிஞ்சிவிடும். கிளிடினியமும் டைசைக்ளோமினும் வேறு வழியாக வந்து அதே குடலை நிறுத்துகிற மருந்துகள். சாதாரண நாளில் குடல் இழுத்துப் பிடித்து வலிக்கும்போது அது நல்லதுதான். டிரமடாலோடு சேர்ந்தால் ஒரே வண்டிக்கு இரண்டு பிரேக். மூத்திரப்பைக்கும் இதே கதி. அம்மாவுக்குச் சொட்டுச் சொட்டாகப் போனது அதனால்தான்.

தூக்கத்துக்குக் காரணம் அந்த முதல் பெயர். குளோர்டையசெபாக்சைடு 1960-இல் சந்தைக்கு வந்த மனப்பதற்ற மருந்து. இன்று தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற பல மாத்திரைகளுக்கு அதுதான் மூத்த அக்கா. மனம் பதறினால் வயிறும் கலங்கும் என்பதால் வயிற்று மாத்திரையில் சேர்த்தார்கள். வயதானவர்கள் உடம்பை விட்டு அது சீக்கிரம் போகாது, நாள் கணக்கில் தங்கும். அபின் வகை வலி மருந்தோடு சேர்ந்தால் தூக்கம் கூடும், மூச்சே மெதுவாகிவிடும். இந்த இரண்டு வகையும் சேர்வதால் வரும் ஆபத்தைப் பெட்டி கட்டி மருந்தின் விவரத்தாளிலேயே அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் உத்தரவிட்டது. நம் வீடுகளிலோ அதற்குப் பெயர் கேஸ் மாத்திரை!

இதில் யாரைக் குறை சொல்வது? எலும்பு டாக்டர் “பிபி, சுகர் மாத்திரை ஏதாவது உண்டா?” என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றீர்கள். பொய்யில்லை. வயிற்று மாத்திரையை எந்த வீட்டிலும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது உப்பு, புளி மாதிரி சமையலறை ஜன்னலோரம் இருக்கும். டாக்டர் இரண்டு பேர், மெடிக்கல் இரண்டு. இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பார்க்க வேண்டியவளே பார்க்காமல் விட்டதும் உண்டு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தினமும் சீட்டாட வரும் தாத்தா ஒருவருக்கு இதே இரண்டு மாத்திரையையும் ஒரே பையில் போட்டு, பாக்கிச் சில்லறைக்கு இரண்டு சாக்லேட்டும் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மகன் வந்தான். அப்பா பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றான். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. டயப்பர் வாங்கிக்கொண்டு போனான். அன்றிலிருந்துதான் அட்டையைத் திருப்பிப் படிக்காமல் பையில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இனி ஆஜியின் இசப்கோல். நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார், ஆனால் வேண்டாம். இசப்கோல் தண்ணீரை இழுத்து ஊதும். ஊதியதைத் தள்ளிவிட அசைகிற குடல் வேண்டும். குடலே படுத்துக் கிடக்கும்போது கொடுத்தால், அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊறவைத்த ஜவ்வரிசியைக் கொட்டிய மாதிரிதான். இந்த வகை மலச்சிக்கலுக்குக் குடலைத் தட்டி எழுப்பும் மருந்து வேண்டும். பிசாகோடில் அப்படிப்பட்டது. சென்னாவும் அப்படித்தான், அதாவது நம் நிலாவரை. திருநெல்வேலிச் சீமையில் விளைவதால் உலகச் சந்தையில் அதற்கு ‘டின்னவெல்லி சென்னா’ என்றே பெயர். (எங்கள் ஊர்க்காரி பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அதோடு மலத்தில் நீரைத் தக்கவைக்கும் லாக்டுலோஸ் மாதிரி ஒன்றையும் சேர்ப்பார்கள். வலி மாத்திரை எழுதும் அன்றைக்கே இதையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆறு நாள் அடைத்த பிறகு வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேஸ் மாத்திரையை உடனே தூக்கிப் போடட்டுமா என்று கேட்டீர்கள். “உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே” என்று நான் கத்தியது இதனால்தான்: எட்டு வருடம் பழகிய உடம்பிலிருந்து குளோர்டையசெபாக்சைடைச் சட்டென்று எடுத்தால் நடுக்கம், தூக்கமின்மை, சில சமயம் வலிப்புகூட வரும். டிரமடாலும் வலிப்பைத் தூண்டக்கூடியது. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எனிமா கொடுத்துச் சரிசெய்தார்கள், டிரமடாலை நிறுத்திப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கிறார்கள் என்று மறுநாள் சொன்னீர்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து டீயில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்டாராம். நல்ல அறிகுறி.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய், மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து நாள் மலமே போகவில்லை, நேற்றிலிருந்து தண்ணீராகக் கசிகிறது. பேதியை நிறுத்த லோப்ரமைடு வாங்கட்டுமா?
— ஒரு மகன், தாராவி

பதில்: வாங்காதீர்கள் தம்பி. ஐந்து நாள் அடைப்புக்குப் பிறகு வரும் தண்ணீர் பெரும்பாலும் பேதி இல்லை. உள்ளே மலம் கல்லாக இறுகி நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் கசியும். லோப்ரமைடும் அபின் கூட்டத்து மருந்துதான். வழக்கமான அளவில் மூளைக்குள் போகாமல் குடலில் மட்டும் வேலை செய்யும். மார்ஃபினுக்கு மேல் அதையும் போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மார்ஃபினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அப்பா வலியில் துடிப்பார். மார்ஃபின் தரும் தூக்கமும் குமட்டலும் நாள்பட நாள்பட உடம்புக்குப் பழகிவிடும். குடல் மட்டும் பழகாது. மார்ஃபின் சாப்பிடும் காலம் முழுக்க மலமிளக்கியும் கூடவே வேண்டும். அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: போன வருடச் சீட்டைக் காட்டினால் டிரமடால் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். இது என்ன நியாயம்?
— ஒரு வாசகர், சயான் கோலிவாடா

பதில்: 2018 முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. கடைக்காரர் செய்தது சரி. ராத்திரி ஷட்டரைத் தட்டி “தீதி” என்று கெஞ்சியிருந்தாலும் நானும் தந்திருக்க மாட்டேன்.