ஜோர்கி-4 என்ற பழைய ஃபிலிம் கேமராவில் படத்தின் ஒரு ஓரம் இருட்டாக விழுகிறது. ஷட்டரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஷட்டர் திரைகளை இழுக்கும் ஸ்பிரிங்குகளை இறுக்கும் டென்ஷன் திருகில் இப்போதே கை வைக்காதீர்கள். யாரைக் கேட்டாலும் முதலில் அதை இறுக்கத்தான் சொல்வார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கேமரா பல வருடம் பீரோவில் கிடந்திருக்கும். 1/500, 1/1000 நொடி வேகத்தில் ஓரம் இருட்டாகவும், 1/30-இல் படம் முழுதாகவும் வந்தால் கோளாறு திரைகளில்தான். இதன் ஷட்டரில் ரப்பர் பூசிய இரண்டு துணித்திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முன்திரை திறந்துகொண்டே போக, பின்திரை மூடிக்கொண்டே வரும். வேகம் கூடினால் நடுவே உள்ள இடைவெளி குறுகும். முன்திரை அழுக்கால் மந்தமானால் பின்திரை அதை எட்டிப் பிடித்துவிடும். அப்புறம் ஃபிலிமில் வெளிச்சம் எங்கே விழும்?

என்னுடையது, மாமா மாஸ்கோவில் படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தது. அதே ஊர்ப்பக்கம் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1956 முதல் 1973 வரை செய்த மாடல். இதே கோளாறு வந்து ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். "சர்வீஸ் பண்ணிட்டேன் சார்" என்று கணிசமாக வாங்கிக்கொண்டார். ஊரில் நன்றாகத்தான் ஓடியது. கொடைக்கானல் குளிரில் மறுபடி இருட்டு. திறந்து பார்த்தால் பழைய கிரீஸ் அப்படியே கருத்துக் கிடக்கிறது. மனிதர் இரண்டு ஸ்பிரிங்கையும் இறுக்கி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அழுக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை இறுக்கினால் தேய்மானம்தான் கூடும்.

லைட்டர் பெட்ரோலை மெல்லிய தூரிகையில் தொட்டு, திரை சுற்றும் உருளைகளின் அச்சுமுனைகளையும் பற்சக்கரங்களையும் துடைத்தேன். திரையில் படக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும். காய்ந்தபின் ஊசிமுனையில் கடிகார எண்ணெய். பெரும்பாலான இருட்டு அதிலேயே போய்விட்டது.

மிச்சத்தைப் பார்க்க அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவி உதவியது. அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட வீட்டில் எத்தனை நச்சரிப்பு! லென்ஸையும் பின்மூடியையும் கழற்றி, ஓடும் டிவியை ஷட்டர் வழியே பார்த்து 1/500-இல் அழுத்துங்கள். சாய்வான ஒளிப்பட்டை தெரியும். நம் ஊர்ப் பழைய குழாய் டிவி நொடிக்கு 15,625 கோடு வரைவதால் பட்டை சுமார் 31 கோடு தடிமன் இருக்க வேண்டும். எண்ணத் தேவையில்லை, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே தடிமனா என்று பார்த்தால் போதும். திரை ஓடி முடியும் பக்கம் மெலிந்தால் முன்திரை மந்தம், தடித்தால் பின்திரை மந்தம்.

அப்போதுதான் திருகு. பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, மந்தமான திரைக்கு மட்டும் கால் சுற்று. பூட்டுத் திருகைத் தளர்த்தும்போது டென்ஷன் திருகை இன்னொரு ஸ்க்ரூடிரைவரால் பிடித்திருங்கள். விட்டால் ஸ்பிரிங் மொத்தமும் அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஃபிலிமை முறுக்கிய பிறகே வேகத்தை மாற்றுங்கள்.

நான் தொழில்முறை ஆள் இல்லை. லைக்கா கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வர வேண்டாம், அதை நான் தொட்டதே இல்லை.

இன்னொன்று. சரியாகிவிட்டதா என்பதை நெகட்டிவில் பாருங்கள், ஸ்கேன் வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கிவிடும். ஆனால் இப்போது லேபில் நெகட்டிவ் கேட்டால் "ஸ்கேன் அனுப்பிட்டோமே சார்" என்கிறார்கள். குப்பையில் போட்டுவிட்டார்களாம்! காசு கொடுத்து வாங்கிய ஃபிலிம், நான் எடுத்த படம், அதைத் தூக்கிப் போட இவர்கள் யார்? ஃபிலிமைக் கொடுக்கும்போதே 'நெகட்டிவ் திரும்ப வேண்டும்' என்று உறையில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

திரைத்துணியே விறைத்து வெடித்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. துணி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை நான் செய்ததில்லை, அதனால் என்னிடம் கேட்காதீர்கள்.