தணலில் சுடும் மாட்டுக்கறி: வாசகர் கேள்விகள்

மாட்டுக் குடலைக் கழுவித் தணலில் போட்டால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. மெக்சிகோவில் மொறுமொறுவென்று சுட்டுச் சாப்பிடுகிறார்களே, எப்படி?
வாசகர், நாகூர்

நேராகத் தணலில் போட்டதுதான் கோளாறு. வட மெக்சிகோவில் 'திரிப்பாஸ்' என்று விற்பது மாட்டின் சிறுகுடல். அதை வேகவைத்த பிறகுதான் மொறுகவிடுகிறார்கள். குடல் முழுக்க நார்ச்சவ்வு. சூடு பட்டதும் சுருங்கி இறுகும். தண்ணீரில் நெடுநேரம் வெந்தால்தான் இளகும். தணலில் மட்டும் வாட்டினால் இளகுவதற்குள் கருகிவிடும். நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு என்பதால் அவசரமே கூடாது.

ஒரு கிலோ சிறுகுடல் என்றால், ஒரு முனையைக் குழாயில் பிடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை உள்ளே அலசுங்கள். கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தேய்த்து, இன்னும் இரண்டு தண்ணீர். வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பில் பாதியை விட்டுவையுங்கள். குடல் தன் கொழுப்பிலேயே பொரிய வேண்டும். முழுக்க வழித்துவிட்டால் மொறுமொறுப்பு வராது. அரை வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு டீஸ்பூன் உப்பு சேர்த்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் அரை மணி. நகத்தால் கிள்ளினால் அறுபட வேண்டும். அறுபடவில்லையா, மறுபடி அடுப்பிலேற்றுங்கள்.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். வெந்ததை வடித்துத் தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி உலரவிட வேண்டும். ஈரத்தோடு போட்டால் கம்பியில் ஒட்டும், ஆவியில் வேகுமே தவிர முறுகாது. கங்குகளை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, குடலை நறுக்காமல் நீளமாகவே போட்டு, 20 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் கங்கில்லாத பக்கத்துக்கு நகர்த்துங்கள். அந்தக் கரும்புகை படிந்தால் கசக்கும். பொன்னிறமாகி, இடுக்கியால் தட்டும்போது சலசலத்தால் எடுத்துப் பொடியாக நறுக்கலாம்.

மெக்சிகோவில் சுடும் 'அராச்செரா' மாட்டில் எந்தப் பகுதி? கறிக்கடையில் எப்படிக் கேட்பது?
வாசகி, முத்துப்பேட்டை

நெஞ்சுக்கூட்டையும் வயிற்றையும் பிரிக்கும் தட்டைத் தசை. விலா எலும்பின் உள்பக்கம் நீளப் பட்டையாக ஒட்டியிருக்கும். கடை பாயிடம் அந்த இடத்தைச் சொல்லி, துண்டு போடுவதற்கு முன்பே, காலையில் சீக்கிரம் கேளுங்கள். வெட்டிக் குவியலில் கலந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு பக்கமும் இருக்கும் வெள்ளைச் சவ்வைக் கத்தி நுனியால் தூக்கி உரித்துவிடுங்கள். முக்கால் கிலோவுக்கு ஒரு எலுமிச்சை, நாலு பல் பூண்டு, அரை டீஸ்பூன் சீரகத்தூள், உப்பு. ஒரு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்கப் புளிப்பில் ஊறவைத்தால் மேல்புறம் வெளுத்து மாவாகும், உள்ளே முரட்டுத்தனம் அப்படியே இருக்கும். முற்றிய கறிக்கு ஒரு டீஸ்பூன் பப்பாளிக்காய் விழுதைக் கடைசி அரை மணியில் தடவலாம். கடும் தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் ஆறவிட்டு, இழை ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்குங்கள். இழையோடு சேர்த்து நறுக்கினால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

சீமைக் கருவேலங்கரியில் சுடலாமா?
வாசகர், வேதாரண்யம்

தாராளமாக. கறி சுடுவதற்குப் பேர்போன மெக்சிகோவின் சோனோரா மாநிலத்தில் எரிப்பது 'மெஸ்கீத்தே' மரம். நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். பச்சை விறகு வேண்டாம், புகை கசக்கும். கரியாக வாங்கிக் கொட்டாங்கச்சி வைத்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் வாடை கறியில் ஏறிவிடும். சாம்பல் பூத்த பிறகு கம்பிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை இழுக்க வேண்டியிருந்தால் அராச்செராவுக்கான சூடு; ஆறு வரை தாங்கினால் குடலுக்கானது.

நாக்கு, இருதயம்?
வாசகர், கும்பகோணம்

நாக்கைக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, சூட்டோடு மேல்தோலை உரித்துவிடுங்கள், ஆறினால் உரியாது. பிறகு வில்லையாக்கி, தணலில் நிறம் பிடிக்கும்வரை வாட்டினால் போதும். இருதயத்தை வேகவைக்க வேண்டாம். குழாய்களையும் கொழுப்பையும் நீக்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, உப்பு தடவிக் கடும் தணலில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். தொட்டுக்கொள்ள, நாலு தக்காளி, மூன்று பச்சை மிளகாய், பாதி வெங்காயத்தை அதே தணலில் தோல் கருகச் சுட்டு, உப்பு வைத்து அம்மியில் கொரகொரப்பாக நசுக்குங்கள். மிக்ஸி வேண்டாம், நுரைத்துப்போகும்.