வாசகர் கேள்வி பதில்: மார்கழியில் மல்லிகை குறைவது பகலாலா, பனியாலா?

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் பூ வரத்து அடியோடு படுத்துவிடுகிறது. பனிதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். பகல் பொழுது சுருங்குவதுதான் காரணம் என்று என் மகன் கைப்பேசியில் படித்துவிட்டுச் சொல்கிறான். வானிலைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதைத் தீர்மானிக்க வழி உண்டா?
— உசிலம்பட்டி வாசகர்

பதில்: வழி உண்டு. ஆனால் பகலையும் பனியையும் மட்டும் விசாரித்தால் மூன்றாவது ஆள் தப்பித்துக்கொள்வார். அவரைப் பிறகு கவனிப்போம். முதலில் பகல் பொழுது. மதுரை வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருப்பதால், ஜூன் 21 அன்று பகல் சுமார் 12 மணி 42 நிமிடமும் டிசம்பர் 21 அன்று சுமார் 11 மணி 32 நிமிடமும் நீடிக்கிறது. ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கமே ஒரு மணி பத்து நிமிடம்தான். இதே வித்தியாசம் டெல்லியில் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். லண்டனில் ஒன்பது மணி நேரத்தை நெருங்கும். உங்கள் மகன் படித்தது குளிர்நாட்டுத் தோட்டங்களைப் பற்றிய கட்டுரையாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதற்காகப் பகல் நீளத்தை நம் ஊரில் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. நம்முடைய பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, பகல் சுருங்கும் காலத்தில்தான் கதிர் விடுகின்றன.

மல்லிகையில் பகலுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சோதிக்க, பகல் நீளம் ஒன்றாகவும் தட்பவெப்பம் வேறாகவும் உள்ள இரண்டு நாட்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நவம்பர் 1-ஆம் தேதியும் பிப்ரவரி 10-ஆம் தேதியும் அப்படிப்பட்டவை. இரண்டிலும் பகல் சுமார் 11 மணி 46 நிமிடம். முன்னதில் வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டமும் ஈரமும் இருக்கும். பின்னதில் வானம் தெளிந்து, பகலில் வெயில் ஏறி, விடியற்காலையில் குளிர் மிஞ்சியிருக்கும். இந்த இரண்டு தேதிகளையும் சுற்றிய வாரங்களின் பறிப்பு, பல ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் உங்கள் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று கொள்ளலாம். வெகுவாக விலகி நின்றால், வெப்பநிலை, ஈரம், மேகம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும்.

இங்கேதான் அந்த மூன்றாவது ஆள் குறுக்கே வருகிறார்: கவாத்து. மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்வதே நம் பக்கத்து வழக்கம். வேளாண் துறையின் பரிந்துரையும் அதுவே. வெட்டிய செடி துளிர்த்து, கிளைத்து, மொட்டு வைக்க வாரங்கள் பிடிக்கும். ஆக, மார்கழியில் வரத்து குறைவதில் ஒரு பங்கு உங்கள் கத்தரிக்கோலுக்கே சேரும். நவம்பர் ஒப்பீடு கவாத்துக்கு முன்பும் பிப்ரவரி ஒப்பீடு கவாத்துக்குப் பின்பும் வருவதால், முழுத் தோட்டத்தின் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டு வரிசைகளை இந்த ஆண்டு கவாத்து செய்யாமல் விட்டு, அவற்றின் பூவைத் தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். அந்த இரண்டு வரிசைகளில் கொஞ்சம் நஷ்டம் வரலாம். வேறு எந்தப் புள்ளிவிவரத்தாலும் கிடைக்காத விடை அதில் கிடைக்கும்.

பழைய ஆண்டுகளின் கணக்குக்கு, மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடைக்காரர் தரும் சீட்டுகளைத் தேடி எடுங்கள். தேதியும் எடையும் அதிலேயே இருக்கின்றன. விலையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். தை முகூர்த்தங்களும் பொங்கலும் விலையை ஏற்றிவிடும், அதற்கும் செடிக்கும் சம்பந்தமில்லை. ஆள் கிடைக்காமல் ஒரு நாள் பறிப்பு நின்றுபோவதும் உண்டு என்பதால் நாள் கணக்கைவிட வாரக் கூட்டுத்தொகையே நம்பகமானது. இன்றைய எடையை இன்றைய குளிரோடு சேர்த்துப் பார்ப்பதும் தவறு. மொட்டு உருவாகிப் பறிப்புக்கு வர நாளாகும் ஆதலால், இந்த வார எடையை இரண்டு வாரம் முந்தைய, மூன்று வாரம் முந்தைய இரவு வெப்பநிலைகளோடு தனித்தனியே பொருத்திப் பார்த்து, எது நன்றாக ஒத்துப்போகிறது என்று கவனிக்க வேண்டும்.

வெப்பநிலைக்கும் மழைக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகள் இருக்கின்றன. மதுரை வேளாண்மைக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். அமெரிக்காவின் நாசா அமைப்பு, 'பவர்' என்ற தளத்தில் 1981 முதலான அன்றாட வெப்பநிலை, மழை விவரங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அந்த வெப்பநிலை உங்கள் வயலில் அளந்தது ஆகாது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்கான மதிப்பீடு அது. உசிலம்பட்டியைப் போல மலைகள் அருகில் உள்ள ஊர்களில், மலையும் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து கணக்கு குளிர்ந்துவிடக்கூடும். எந்த ஆண்டு குளிர் அதிகம், எந்த ஆண்டு குறைவு என்று பார்க்க அது போதும். உங்கள் தோட்டத்தின் இரவுக் குளிருக்கு, உச்ச நீச அளவுகளைக் காட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி, வெயில் படாமல் நான்கு அடிக்கு மேல் தொங்கவிடுங்கள்.

கேள்வி: டிசம்பர் 21-தான் மிகச் சிறிய பகல் என்கிறார்கள். ஆனால் தை பிறந்த பிறகும் விடிவது தள்ளிக்கொண்டே போகிறதே, காலண்டரில் பிழையா?
— விளாங்குடி வாசகி

பதில்: காலண்டர் சரிதான். மதுரையில் டிசம்பர் 21 அன்று சூரியன் ஏறத்தாழ 6.30-க்கு உதித்து 6.02-க்கு மறைகிறது. ஜனவரி கடைசியில் 6.40-க்கு உதிக்கிறது, மறைவதோ 6.20-க்கு மேல். உதயம் பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் அஸ்தமனம் அதைவிட அதிகமாகத் தள்ளிப்போயிருப்பதால் பகல் நீண்டிருக்கிறது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், கடிகாரக் கணக்கில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் ஊரில் நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கு உச்சிக்கு வரும் சூரியன், பிப்ரவரி நடுவில் 12.32-க்குத்தான் வருகிறது. மிகச் சீக்கிரம் இருட்டுவதும் இதே காரணத்தால் டிசம்பரில் நிகழாமல், நவம்பர் நடுவில் 5.52 அளவில் நிகழ்ந்துவிடுகிறது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஐப்பசி மழை சரியில்லை. பருவமே மாறிவிட்டதா?
— மேலூர் வாசகர்

பதில்: இரண்டு ஆண்டுகளை வைத்துச் சொல்ல முடியாது, வானிலையாளர்கள் சராசரி என்று பேசுவதே முப்பது ஆண்டுக் கணக்கை வைத்துத்தான். நீங்கள் பார்த்தது மாதாந்தர அட்டவணை என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐப்பசி, அக்டோபர் 18 வாக்கில் பிறந்து நவம்பர் நடுவில் முடிவதால், அட்டவணையின் எந்த ஒரு மாதமும் ஐப்பசி ஆகாது. அன்றாட மழை அளவை வாங்கி, அந்தத் தேதிகளுக்கு நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டும்போது, மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்பதையும், அளவு மறுநாள் தேதியில்தான் பதிவாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஐப்பசி கடைசி நாள் மாலையில் கொட்டிய மழை, பதிவேட்டில் கார்த்திகை முதல் தேதியில்தான் இருக்கும்.