அமெரிக்காவில் துப்பாக்கி விற்கவும் வாங்கவும் லைசென்ஸ் வேண்டுமா, இல்லை காசு இருந்தால் போதுமா?

தொழிலாக விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். வாங்குபவருக்கு மத்திய சட்டப்படி வேண்டாம். நம் ஊரில் துப்பாக்கி வேண்டும் என்பவர் கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடப்பார். இங்கே அந்த நடை எல்லாம் கடைக்காரருக்கு. (இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் வாங்குபவரிடமும் அட்டை கேட்கும். அது மாநிலச் சட்டம்.)

டெக்சாஸில் ஒரு சிறிய ஊர்த் துப்பாக்கிக் கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். சுடுவதற்கு எனக்கு இன்றும் சரியாக வராது. ஆனால் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் எந்தக் கட்டம் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

லைசென்ஸை எஃப்எஃப்எல் என்பார்கள். கொடுப்பது ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்பு. 1963இல் அதிபர் கென்னடியைச் சுட்ட ரைஃபிள் தபாலில் வரவழைத்தது. அந்த அதிர்ச்சியும், 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டதும் சேர்ந்து அதே வருடம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமாக வந்தது. லைசென்ஸுக்கு வேண்டியவை: 21 வயது, கைரேகை, போட்டோ, ஊர் விதிகள் அனுமதிக்கும் ஓர் இடம், ஏடிஎஃப் அதிகாரியுடன் நேர்காணல். சாதாரண டீலருக்கு முதல் மூன்று வருடத்துக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. ஒரு காலத்தில் வருடத்துக்கு வெறும் 10 டாலர்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்தே வியாபாரம் பார்த்தவர்கள் ஏராளம். 1993இல் லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்த வருடச் சட்டம்தான் கட்டணத்தை ஏற்றியது.

சரி, லைசென்ஸ் கிடைத்தாயிற்று. கஷ்டம் இனிமேல்தான், எல்லாமே காகிதத்தில். வாங்க வருபவர் 4473ஐத் தன் கையால் நிரப்ப வேண்டும். அதில் 'கவுன்ட்டி' என்று ஒரு கட்டம் உண்டு, அதாவது மாவட்டம். பாதிப்பேர் அதை 'கன்ட்ரி' என்று படித்துவிட்டு யுஎஸ்ஏ என்று எழுதிவிடுவார்கள். விற்பதற்கு முன்பே கண்ணில் பட்டால் அடித்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போடச் சொல்லலாம். துப்பாக்கி கைமாறிவிட்டால் மூலப்படிவத்தைத் தொடக்கூடாது. நகல் எடுத்து, நகலில் திருத்தி, மூலத்தோடு இணைத்து வைக்க வேண்டும். நம் ஆட்களின் பெயர் இன்னொரு கூத்து. ஆவணத்தில் வெறும் இனிஷியல் மட்டும் இருந்தால் அதன் பக்கத்தில் 'ஐஓ' என்று எழுத வேண்டும், 'இனிஷியல் ஒன்லி' என்பதன் சுருக்கம். நடுப்பெயர் இல்லாவிட்டால் 'என்எம்என்'. யாரோ நம் ஊர்க்காரர்களை நினைத்தே இந்த விதியைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் எஃப்பிஐயின் நிக்ஸ் சோதனை. 1998 நவம்பரிலிருந்து நடக்கிறது. 'கொடுக்கலாம்', 'தாமதம்', 'மறுப்பு' என்று மூன்று பதில்கள். தாமதம் என்று சொல்லிவிட்டு மூன்று வேலை நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், 21 வயது நிரம்பியவருக்கு மத்திய சட்டப்படி கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த ஓட்டை வழியாகத்தான். எங்கள் முதலாளி அப்படிக் கொடுக்கவே மாட்டார். 'பதில் வரட்டும், அப்புறம் வா' என்பார். அதில் போன வியாபாரமும் உண்டு.

இன்னொன்று பேரேடு. கடைக்குள் வந்த துப்பாக்கியை மறுநாள் வேலை முடிவதற்குள் எழுத வேண்டும், வெளியே போனதை ஏழு நாளுக்குள். ஏடிஎஃப் ஆய்வாளர் வந்தால் அலமாரியில் இருப்பதையும் பேரேட்டில் இருப்பதையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பார். ஒரு முறை கணக்கில் ஒரு பிஸ்டல் குறைந்தது. காணாமல் போனது உறுதியானால் 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃபுக்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும். அரை நாள் கடையைப் புரட்டிப் போட்டோம். கடைசியில் குற்றவாளி நான்தான். வரிசை எண்ணில் 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தை 8 என்று எழுதி வைத்திருந்தேன்.

வாங்குபவருக்குப் பொறுப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்று படிவம் கேட்கும். வர்ஜீனியாவில் ஏப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், போலீசுக்கான தள்ளுபடியில் வாங்கித் தருகிறேன் என்று உறவினரிடம் 400 டாலர் செக் வாங்கிக்கொண்டு, 'ஆம், நான்தான்' என்று எழுதிவிட்டார். (மாமாவா சித்தப்பாவா தெரியாது, தீர்ப்பில் 'அங்கிள்' என்றுதான் இருக்கிறது.) அந்த உறவினர் துப்பாக்கி வைத்திருக்கத் தடையே இல்லாதவர். இருந்தும் குற்றம்தான் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. சொந்தக் காசில் வாங்கிப் பரிசாகக் கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

இதைப் படிப்பவர்களில் எச்1பி விசாவில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். குடியேறாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை உண்டு. சில விலக்குகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. 'ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுட்டால் என்ன?' என்று நண்பர்கள் கேட்பார்கள். ஃபுளோரிடாவில் மாணவர் விசா தகுதியை இழந்த ரெஹாய்ஃப் என்பவர் மேல் வழக்குப் பாய்ந்தது அப்படி ரேஞ்சில் சுட்டதற்குத்தான். தன் நிலை அவருக்கே தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கு அதுவரை போனதே. எனவே வக்கீலைக் கேட்காமல் போகாதீர்கள்.

இவ்வளவு எழுதினாலும், யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற தேசியப் பட்டியல் கிடையாது. 1986 சட்டம் அப்படி ஒன்றை உருவாக்கக் கூடாது என்கிறது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி சிக்கினால், தயாரித்த கம்பெனி, மொத்த வியாபாரி, கடை என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே வருவார்கள். கடைக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என் 'பி'யும் 8உம் விளையாட்டு இல்லை. கடையே மூடிவிட்டால்? எங்கள் முதலாளி வயதாகி மூடினார். வேறு யாரும் எடுத்து நடத்தாததால் 30 நாளுக்குள் எல்லாப் படிவங்களையும் பேரேடுகளையும் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் மையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே ஸ்கேன் செய்து வைப்பார்கள், ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது. அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கட்டியது நான். கவுன்ட்டி கட்டத்தில் யுஎஸ்ஏ என்று எழுதிய படிவங்களும் போயின, ஒவ்வொன்றும் அதன் திருத்திய நகலோடு.