டூடுல் வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி பதில்

லேப்ரடூடுல், கோல்டன்டூடுல், கவூடுல், காக்கபூ என்று, பூடுல் என்ற சுருள்முடி நாயோடு கலந்து பிறக்கும் 'டூடுல்' நாய்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் மெல்போர்னில் நாய், பூனை பார்க்கும் கால்நடை மருத்துவன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விலை எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும், எனக்கு அந்தச் சந்தை நிலவரம் தெரியாது.

கேள்வி (கிளேட்டன்): என் மகளுக்கு ஆறு வயது. நாய் பக்கத்தில் போனாலே தும்மல், கண் சிவந்துவிடும். கவூடுலுக்கு முடி கொட்டாது, அதனால் அலர்ஜி வரவே வராது என்று பிரீடர் உறுதி சொல்கிறார். முன்பணம் கட்டலாமா டாக்டர்?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முடி கொட்டுவது வேறு, அலர்ஜி வேறு. உங்கள் மகளைத் தும்ம வைப்பது முடி அல்ல, நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்கள். அவற்றில் முக்கியமானதற்கு 'கேன் எஃப் 1' என்று பெயர். ஒரு முடிகூட உதிர்க்காத நாயும் நாளெல்லாம் தன்னை நக்கிக்கொண்டுதான் இருக்கும்.

2012-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. பூடுல், லேப்ரடூடுல் போன்று 'அலர்ஜி தராதவை' எனப் பெயர் வாங்கிய நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருந்தது. வீட்டுக் காற்றில் அளந்தபோது குறைவாக இல்லை. தரைத் தூசில் மட்டும் லேப்ரடூடுல் உள்ள வீடுகளில் சற்றுக் குறைவு. இதை வைத்துக்கொண்டு யாரும் உறுதிமொழி கொடுக்க முடியாது.

ஆனால் நாய்க்கு நாய் வித்தியாசம் உண்டு. இந்த டூடுல் கதை தொடங்கியதே அதில்தான். 1980-களின் கடைசியில் ஹவாயிலிருந்து பார்வையற்ற ஒரு பெண் வழிகாட்டி நாய் கேட்டு இங்கே ஆஸ்திரேலியாவின் ராயல் கைட் டாக்ஸ் அமைப்புக்கு எழுதினார். அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. அங்கே வேலை பார்த்த வாலி கான்ரன் முதலில் பெரிய பூடுல்களாகவே தேடினார். 33 நாய்களைப் பார்த்தும் வழிகாட்டும் வேலைக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பிறகுதான் லேப்ரடார் பெட்டையைப் பூடுலோடு சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி, சுல்தான். ஒரே ஈத்தில் பிறந்த மற்ற இரண்டும் ஆகவில்லை. இனத்தின் பெயரைச் சொல்லி விற்பவர்கள் கதையின் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

முதலில் அலர்ஜி மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம். அவர் சரி என்றால், நீங்கள் வாங்க நினைக்கும் அதே நாயோடு மகள் இரண்டு மூன்று தடவை ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். மடியில் வைத்து, முகத்தை நக்க விட்டு, அன்று இரவு எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். இதற்குச் சம்மதிக்காத பிரீடரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கேள்வி (லண்டன், ஹாரோ): அந்தக் கான்ரனே பிற்காலத்தில் வருத்தப்பட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார். அவர் நொந்துகொண்டது நாயை நினைத்து அல்ல. அந்த முதல் ஈத்தில் மிஞ்சிய குட்டிகளை வளர்க்க வீடு தேடியபோது, கலப்பு நாய் என்றதும் யாரும் முன்வரவில்லை. தூய இன நாய்தான் வேண்டும் என்று வரிசையில் காத்திருந்தார்கள். 'லேப்ரடூடுல்' என்று ஒரு பெயரை வைத்துச் செய்தி கொடுத்ததும் தொலைபேசி ஓயவில்லை. நாய் அதே நாய்தான். அதன் பிறகு உடல்நலம், பரம்பரை நோய் எதையும் பார்க்காமல் கண்டவர்கள் கண்டதைப் பூடுலோடு சேர்த்து விற்கத் தொடங்கியதுதான் அவர் வருத்தம்.

சொல்லப்போனால் அந்தப் பெயர்கூடப் புதிதல்ல. வேகச் சாதனைகளுக்குப் பேர்போன டொனால்ட் கேம்பெல் 1955-லேயே தன் நாயை லேப்ரடூடுல் என்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் காக்கபூவும் பழைய சரக்குதான்.

கேள்வி (டொரான்டோ, ஸ்கார்பரோ): இரண்டு இனம் கலந்தால் இரண்டின் நோயும் போய்விடும், கலப்பு வீரியம் என்று விற்பவர் விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, பாதி உண்மையும் இருக்கிறது. ஒரு நோய்க்கான கோளாறான மரபணு ஓர் இனத்தில் மட்டும் இருந்து, அது இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நோய் தரும் வகை என்றால், கலப்புக் குட்டி தப்பிக்கும். சிக்கல் என்னவென்றால், லேப்ரடாருக்கும் பூடுலுக்கும் பொதுவான நோய்கள் பல.

விழித்திரையை மெல்ல அழிக்கும் 'பிஆர்சிடி' என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ரடாரிலும் உண்டு, பூடுலிலும் உண்டு, காக்கர் ஸ்பேனியலிலும் உண்டு. தாய், தகப்பன் இரண்டும் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆளுக்கொரு கோளாறான பிரதியைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. குட்டியில் எதுவும் தெரியாது. சில வருடம் கழித்து, அந்தி நேரத்தில் படி இறங்கத் தயங்கும், இருட்டில் தோட்டத்துக்குப் போக மறுக்கும். வயசாகிறது, பிடிவாதம் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் போதும். தாயையும் தகப்பனையும் சோதித்திருந்தால் அந்த நாய் குருடாகியிருக்கத் தேவையே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

இடுப்பு மூட்டுக் கோளாறும் இப்படித்தான், இரண்டு பக்கமும் உண்டு. அதற்கு ஒற்றை மரபணு கிடையாது, எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய அளவில் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2013-இல் வெளியிட்டது. 24 பரம்பரை நோய்களில் 10 தூய இனங்களில் அதிகம், ஒன்று கலப்பு நாய்களில் அதிகம், மீதி 13-இல் வேறுபாடு இல்லை. அது எல்லா வகைக் கலப்பு நாய்களும் சேர்ந்த கணக்கு. டூடுல்களை மட்டும் குறிவைத்து லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் காக்கபூ, லேப்ரடூடுல், கவாபூ (நம் கவூடுல்தான்) மூன்றையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டார்கள். 86.6 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை. மிச்சத்தில் ஏறக்குறைய பாதி டூடுலுக்குச் சாதகம், பாதி பாதகம். வீரியம் என்று தனியாகப் பணம் கொடுக்க அதில் ஒன்றுமில்லை.

கேள்வி (பிரிஸ்பேன்): நாய்க் கண்காட்சிகளுக்குப் போகும் நண்பர் ஒருவர் இதெல்லாம் விலை கூடிய தெருநாய், தூய இனம்தான் ஒழுங்கு என்கிறார்.

பதில்: அவரிடம் கோல்டன் ரிட்ரீவர் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1868-இல் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு ஒரு மஞ்சள் ரிட்ரீவரையும் ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் என்ற நாயையும் சேர்த்துப் பிறந்த குட்டிகளிலிருந்து வந்தது. தூய இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் பிரிட்டனில் 1873-லும் அமெரிக்காவில் அதுபோன்ற அமைப்பு 1884-லும் தொடங்கின. பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கவூடுலில் பூடுலோடு சேரும் கவலியர் நாய்களில் இதய வால்வு கெடுவது எவ்வளவு சகஜம் என்று எந்த மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். நார்வேயில் விஷயம் நீதிமன்றம் வரை போய், கவலியர்களை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்றே தீர்ப்பாகிவிட்டது.

கலப்பு மருந்தாகவும் ஆகலாம். டால்மேஷியன் நாய்களுக்கு யூரிக் அமிலம் கூடிச் சிறுநீர்ப்பையில் கல் சேரும். இனம் முழுவதிலும் அந்தக் கோளாறு ஊறிப்போனதால், உள்ளுக்குள் தேடிச் சரிசெய்ய வழியில்லை. 1973-இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரே ஒரு தடவை பாயின்டர் நாயோடு கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்து வந்தார். புள்ளி, உடல்வாகு எல்லாம் டால்மேஷியன், அமிலக் கோளாறு மட்டும் போயிற்று. அமெரிக்க கென்னல் கிளப் அந்த நாய்களை ஏற்றுக்கொண்டது 2011-இல்! நோக்கமும் கணக்கும் வைத்துக் கலந்தால் அது ஒரு வேலை. உங்கள் நண்பர் சொல்வதில் நான் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: தூய இன நாய் வளர்க்கும் நல்ல கென்னல்களில் சோதனைத் தாள்கள் ஒழுங்காக இருக்கும். டூடுல் விற்கும் பலரிடம் அது இல்லை.

கேள்வி (சிட்னி): எஃப்1, எஃப்1பி என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, என்ன அது?

பதில்: லேப்ரடாரும் பூடுலும் சேர்ந்தால் எஃப்1. அந்த எஃப்1-ஐ மறுபடி பூடுலோடு சேர்த்தால் எஃப்1பி. இரண்டு எஃப்1 சேர்ந்தால் எஃப்2. இது வம்சக் கணக்கு மட்டுமே, தர முத்திரை அல்ல. முகத்தில் மீசை தாடி வருமா, சுருள் வருமா, நீளமாக வளருமா என்பதைப் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன, அது 2009-லேயே தெரிந்துவிட்டது. எஃப்2 ஈத்தில் ஒரு குட்டி பூடுல் மாதிரியும் இன்னொன்று முடி கொட்டும் லேப்ரடார் மாதிரியும் வரும். அதனால்தான் பூடுல் பக்கமே சாய்க்கிறார்கள். ஆஸ்திரேலியன் லேப்ரடூடுல் என்று பல தலைமுறை வளர்த்த நாய்களின் மரபணுவை 2020-இல் ஆராய்ந்தபோது, பெரும்பகுதி பூடுலாகவே இருந்தது. பேசாமல் பூடுலையே வாங்கலாமே என்றால் யாரும் கேட்பதில்லை. கண்காட்சிப் பூடுல்களுக்கு முடியைப் பந்து பந்தாக வெட்டி வைப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள் போல.

கேள்வி (டான்டினாங்): ஒன்பது மாத கோல்டன்டூடுல். முடி வெட்ட விட்டோம், கேட்காமலேயே மொட்டை அடித்துவிட்டார்கள் அண்ணா. நாங்கள் தினமும் சீவத்தான் செய்கிறோம். புகார் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கேட்காமல் அடித்தது தப்பு, ஒரு போன் செய்திருக்கலாம். ஆனால் அடித்தது அநேகமாகத் தேவைதான். அந்த வயதில் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். உதிர வேண்டிய முடி கீழே விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேலாகச் சீவினால் மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் தோலை ஒட்டிக் கம்பளம் போலச் சடை பிடித்திருக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் விரலை விட்டுப் பாருங்கள். நடக்கும்போதெல்லாம் அது தோலை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரம் தங்கிப் புண்ணாகும். அந்த நிலையில் சிக்கெடுப்பது நாய்க்குச் சித்திரவதை.

முடி வளர்ந்ததும் இப்படிச் செய்யுங்கள்: ஒரு கையால் முடியை மேலே தூக்கி, தோல் கோடாகத் தெரியும்படி பிரித்து, வரி வரியாகக் கீழிருந்து சீவுங்கள். கடைசியில் இரும்புச் சீப்பு தோல்வரை தடங்கலில்லாமல் ஓட வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும், சிக்கோடு நனைத்தால் இறுகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கடையில் வெட்ட வேண்டும், பதினைந்து வருடத்துக்கும். பராமரிப்பே தேவையில்லாத நாய் என்று சொல்லி விற்றவரிடம் போய்ப் புகார் கொடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் அடுக்கக விதிப்படி சிறிய நாய்தான் வைக்கலாம். 'மினி' டூடுல் பத்து கிலோவைத் தாண்டாது என்கிறார்கள்.

பதில்: யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் பெரிய நாய் இருந்தால் குட்டி எந்தப் பக்கமும் போகலாம். விதி கறாராக இருந்தால் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கேள்வி (ஜீலாங்): விளம்பரம் பார்த்துப் பேசினேன். தாயைக் காட்ட முடியாது, தூரம் அதிகம், பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வந்து தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். விக்டோரியாவில் நாய் விற்க விளம்பரம் செய்தால் மைக்ரோசிப் எண்ணும் சோர்ஸ் நம்பரும் போட்டே ஆக வேண்டும். சோர்ஸ் நம்பர் என்பது விற்பவருக்கு அரசின் பதிவேடு தரும் எண். அதை அந்த இணையப் பதிவேட்டில் போட்டு, செல்லுமா என்று பார்த்துக்கொள்ளலாம். நம் மாநிலம் 2017-இல் கொண்டுவந்த சட்டத்தால்தான் செல்லப்பிராணிக் கடைகளில் பண்ணைக் குட்டிகளை விற்க முடியாமல் போனது. அனுமதி பெற்ற பெரிய பிரீடரும் இனப்பெருக்கத்துக்கு 50 பெட்டைகளுக்கு மேல் வைக்கக் கூடாது. அந்த ஐம்பதே எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. இங்கிலாந்தில் 2020 முதல் இடைத்தரகர் குட்டி விற்க முடியாது, பிறந்த இடத்தில் தாயோடு காட்ட வேண்டும்.

தாயைப் பார்க்கும்போது முலை தளர்ந்திருக்கிறதா, குட்டிகள் அவளிடம் உரிமையோடு ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். எங்கிருந்தோ ஒரு பெட்டையைக் கொண்டுவந்து உட்கார வைப்பவர்களும் உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர்): இங்கேயும் லேப்ரடூடுல் விற்கத் தொடங்கிவிட்டார்கள். வளர்க்கலாமா?

பதில்: அந்தச் சடையை ஏப்ரல் வெயிலில் நினைத்துப் பாருங்கள். ஒட்ட வெட்டி, உண்ணி பார்த்து, வீட்டுக்குள் வைத்து வளர்க்க முடிந்தால் சரி. மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி (வெரிபீ): எங்கள் பெட்டை லேப்ரடூடுலுக்கு இரண்டு வயது. பக்கத்து வீட்டில் கடுவன் பூடுல் இருக்கிறது. ஒரே ஒரு தடவை குட்டி போட வைத்து, பிள்ளைகளுக்கும் காட்டிவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம் என்று இருக்கிறோம். செலவும் வந்துவிடும்.

பதில்: செலவு வராது. இரண்டுக்கும் கண் மரபணுச் சோதனை, இடுப்பு எக்ஸ்ரே, சினைக்கால ஸ்கேன், எட்டுக் குட்டி பிறந்தால் எட்டுக்கும் பூச்சி மருந்து, தடுப்பூசி, மைக்ரோசிப், சோர்ஸ் நம்பர். நடுராத்திரியில் குட்டி குறுக்கே சிக்கினால் அவசர சிசேரியன், அந்த ஒரு பில்லில் லாபம் எல்லாம் போய்விடும். தாயே போன வீடுகளும் உண்டு. சோதனை எதுவும் இல்லாமல் செய்தால், மேலே ஸ்கார்பரோக்காரருக்குச் சொன்னது அப்படியே உங்கள் குட்டிகளை வாங்குபவர்களுக்கும் பொருந்தும்.

அவளுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். பிள்ளைகள் குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், தாயும் குட்டிகளுமாக வரும் நாய்களைச் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள வீடு தேடும் காப்பகங்கள் இருக்கின்றன. தீனி, மருந்துச் செலவைப் பெரும்பாலும் அவர்களே ஏற்பார்கள், எட்டு வாரம் ஆனதும் குட்டிகளுக்கு வீடு பார்ப்பதும் அவர்கள் பாடு. வேண்டுமென்றால் அதில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்ன கலப்பு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.